தட்டில் வளராத 137 பேர்

இந்தப் பதிவு ஒரே ஒரு அட்டவணையைப் பற்றியது. 1997 நவம்பரில் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜி இதழில் வந்த கட்டுரை. எழுதியவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் எம். சீனிவாசனும், சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜான் விட்சரும் இன்னும் சிலரும். கருவிழியில் புண்ணோடு மதுரைக்கு வந்தவர்களின் கண்ணைச் சுரண்டி, எந்த நுண்ணுயிர் இருக்குன்னு பார்த்த ஆய்வு. 1994 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை, மூணே மாசம், 434 பேர். தென்னிந்தியாவில் கண் பூஞ்சை பற்றி அதுக்கப்புறம் எழுதினவங்க பெரும்பாலும் இந்தக் கட்டுரையைத் தொட்டுத்தான் தொடங்குறாங்க. நானும் எம்.எஸ்சி. படிக்கும்போது மனப்பாடம் பண்ணிய எண்கள்தான். இப்போ செஞ்சியில உட்கார்ந்து நிதானமா வாசிச்சா, மனப்பாடம் பண்ணின விதத்துலயே ஒரு கோளாறு தெரியுது.

முதலில் கட்டுரை சொல்வதைச் சொல்லிடறேன். 434 பேரில் 284 பேருக்கு, அதாவது 65.4 சதவீதம் பேருக்கு, புண் வருவதற்கு முன் கண்ணில் அடி பட்டிருக்கு. 297 பேரின் சுரண்டலில் தட்டில் ஏதோ வளர்ந்தது. அந்த 297-ல் பாக்டீரியா மட்டும் 140, பூஞ்சை மட்டும் 139, இரண்டும் கலந்து 15, அகந்தமீபா 3. பாக்டீரியாவில் முதலிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, அடுத்து சூடோமோனாஸ். பூஞ்சையில் ஃபியூசேரியம் 47.1 சதவீதம், ஆஸ்பெர்ஜில்லஸ் 16.1 சதவீதம்.

இது அந்தக் காலத்துக்கு ஒரு பெரிய சேதி. குளிர்நாடுகளின் பாடப்புத்தகங்களில் கருவிழிப் புண் என்றால் பாக்டீரியா, பூஞ்சை என்பது அபூர்வமான ஒரு பின்குறிப்பு. அந்தப் புத்தகத்தை வைத்துப் படித்த மருத்துவர் நம்ம ஊர் விவசாயிக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லுவார். பூஞ்சைக்கு அந்த ஒரு வாரம் போதும். மதுரைக் கட்டுரை அந்தப் பழக்கத்தின் மேல் விழுந்த நல்ல அடி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

கோளாறு எங்கே? "மதுரையில் கருவிழிப் புண்களில் 47 சதவீதம் பூஞ்சை." இப்படித்தான் நாங்க படிச்சோம், ஒரு கருத்தரங்கில் பார்த்த ஸ்லைடிலும் இப்படியே இருந்தது. கட்டுரை அப்படிச் சொல்லலை. 46.8 என்பது 297-ல் 139. நோயாளிகள் 434. வகுக்கவேண்டியது 434-ஆல். வகுத்தால் பூஞ்சை 32.0, பாக்டீரியா 32.3, கலப்பு 3.5, அகந்தமீபா 0.7. மிச்சம் 31.6 சதவீதம், 137 பேர். அவங்க கண்ணைச் சுரண்டியாச்சு, தட்டில் கீறியாச்சு, ஒண்ணும் வளரலை. வழக்கத்தில் மேற்கோள் காட்டும்போது முதலில் காணாமப்போறது இந்த 137 பேர்தான். ஆய்வாளர்கள் மறைக்கவில்லை, 68.4 சதவீதம்தான் வளர்ந்ததுன்னு சுருக்கத்திலேயே எழுதியிருக்காங்க. ஆனா அடுத்த வரியிலிருந்து எல்லாச் சதவீதமும் வளர்ந்தவற்றின் சதவீதம் ஆகிடுது. வாசகன் கண் அங்கேயே நழுவிடும்.

இதை வெறும் கணக்கு வாத்தியார் தகராறுன்னு நினைக்கவேண்டாம். நாலு பேர் புண்ணோடு வந்தா ஏறக்குறைய ரெண்டு பேருக்குப் பூஞ்சைன்னு சொல்றதும், மூணு பேர் வந்தா ஒருத்தருக்குப் பூஞ்சை, ஒருத்தருக்குப் பாக்டீரியா, ஒருத்தருக்கு என்னன்னே தெரியலைன்னு சொல்றதும் ஒண்ணு இல்லை. இரண்டாவது வாக்கியம் வைத்தியம் பார்க்கிறவரைக் கொஞ்சம் தயங்க வைக்கும். தயங்கவேண்டிய இடம்தான் அது.

என் கணக்கு சரியான்னு சோதிக்க ஒரு வழி இருந்தது. திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனையில் ஜெயஹர் பாரதியும் குழுவினரும், 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை, மூணு முழு வருஷம், 3183 புண்களைப் பார்த்திருக்காங்க. பாக்டீரியா 1043, பூஞ்சை 1095, அகந்தமீபா 33, கலப்பு 76, ஒண்ணும் வளராதவை 936. இவங்க நேர்மையா மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறாங்க. பாக்டீரியா 32.8, பூஞ்சை 34.4, வளராதது 29.4 சதவீதம். மதுரை எண்களை நான் மாத்தி வகுத்ததோடு இதைப் பக்கத்தில் வையுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்டவணை. மேலோட்டமா ஸ்லைடு ஸ்லைடா ஒப்பிட்டா "மதுரையில் பூஞ்சை 47, நெல்லையில் 34, ஏன் இந்த வித்தியாசம், மண்ணா, காத்தா" என்று ஒரு ஆராய்ச்சியே தொடங்கிடலாம். வித்தியாசமே இல்லை. வகுத்த எண் வேற, அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகத்தையும் இதே ஒப்பீடு தணிக்குது. மதுரை ஆய்வு நடந்த மூணு மாசம் எதுன்னு பாருங்க. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பொங்கலைச் சுற்றிய சம்பா அறுவடை. நெல்லு, உமி, வைக்கோல் தூசு எல்லாம் கண்ணில் விழும் காலம். பூஞ்சைக் கணக்கு அதனால் ஊதிப்போச்சோ என்று முதல் வாசிப்பில் எழுதி வெச்சிருந்தேன். மூணு வருஷம் முழுக்க எடுத்த நெல்லைக் கணக்கும் அதே இடத்தில் வந்து நிற்பதால் அந்தக் குற்றச்சாட்டை அழுத்திச் சொல்ல முடியாது. ஆனாலும் மூணு மாசக் கணக்கை வருஷக் கணக்கா எடுத்துக்கக்கூடாது என்கிற எச்சரிக்கை நிற்கட்டும்.

சரி, மூணில் ஒரு பங்கு ஏன் வளரலை? இதுக்கு ஆய்வுக்கூடத்துக்குள் போகணும். எனக்குப் பிடிச்ச இடமும் அதுதான்.

கருவிழி ஒரு மெல்லிய தோல் மாதிரி, அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் தடிமன். அதில் ஒரு புண். மரத்துப்போகிற சொட்டு மருந்து விட்டு, ஸ்லிட் லாம்ப் முன்னால் உட்கார வெச்சு, கிமுரா ஸ்பாட்டுலா என்கிற மெல்லிய கரண்டியால் புண்ணின் விளிம்பையும் அடியையும் சுரண்டுவாங்க. கிடைப்பது எவ்வளவு? கடுகில் ஒரு துணுக்கு. அதைத்தான் பங்கு போடணும். ஒரு கண்ணாடித் துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு, இன்னொன்றில் கிராம் சாயத்துக்கு, பிறகு ரத்த அகார், சாக்லேட் அகார், சபோரோ அகார், ஏதாவது ஒரு திரவ ஊடகம். ஒவ்வொன்றுக்கும் புதுசா சுரண்டுவது வழக்கம். நோயாளி கண்ணில் எத்தனை தடவை கை வைக்க முடியும்? கடைசித் தட்டுக்குப் போகும்போது கரண்டியில் ஒண்ணும் இருக்காது.

தட்டில் தேய்ப்பதிலும் ஒரு அழகான பழக்கம் உண்டு. ஆங்கில எழுத்து சி மாதிரி, பிறை பிறையாக் கீறுவாங்க. இரண்டு நாள் கழிச்சு அந்தப் பிறை மேலேயே வெள்ளைப் பஞ்சு எழும்பினா அது கண்ணிலிருந்து வந்தது. பிறைக்கு வெளியே எழும்பினா காத்திலிருந்து விழுந்தது, கணக்கில் சேராது. பூஞ்சை விஷயத்தில் இது உயிர்நாடி. ஃபியூசேரியமும் ஆஸ்பெர்ஜில்லசும் எங்கேயும் இருக்கிற ஜீவன்கள். வயல் மண்ணில், வைக்கோலில், ஆய்வுக்கூடத்து ஏசியில். வளர்ந்துச்சு என்பதாலேயே நோய்க்காரணம் ஆகிடாது. அதனால் நல்ல ஆய்வுக்கூடங்கள் நிபந்தனை போடும்: கீறிய இடத்தில் வளரணும், ஒன்றுக்கு மேற்பட்ட ஊடகத்தில் வளரணும், அல்லது நுண்ணோக்கியில் பார்த்ததோடு ஒத்துப்போகணும். நிபந்தனை கடுமையாக ஆக "வளரவில்லை" என்ற கட்டமும் பெருகும். அதாவது அந்த 137 பேர் கிருமி இல்லாதவங்க இல்லை. ஏற்கெனவே விட்ட சொட்டு மருந்தில் கிருமி பாதி செத்திருக்கலாம். சுரண்டல் போதாமல் இருந்திருக்கலாம். புண்ணின் ஆழத்தில் பூஞ்சை இறங்கி, மேலே ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். அந்த ஊடகத்தில் வளராத ஏதோ ஒன்றாக இருந்திருக்கலாம்.

இங்கே எங்க ஊரைக் கொஞ்சம் சொல்லணும். செஞ்சி என்றால் எல்லாருக்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, தேசிங்கு ராஜா. கோட்டைக்குள்ளே கல்யாண மகாலுக்குக் கிட்டே பெரிய நெற்களஞ்சியம் இருக்கு, சுற்றுலா வர்றவங்க அதுக்குள்ளே போய் கத்திப் பார்த்து எதிரொலி கேட்டுட்டுப் போவாங்க. இன்றைய நெல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் குவியுது. தை மாசத்தில் அந்தப் பக்கம் போனா உமித்தூசு மூக்கை அடைக்கும். நெல் மட்டுமா, மல்லாட்டைச் செடி பிடுங்கி ஆயும்போது தெறிக்கிற மண், கரும்புத் தோகை கிழிக்கிற கிழி. எல்லாம் கண் உயரத்தில் நடக்கிற வேலை.

போன வருஷம் எங்க தெருவில் ஒரு அக்காவுக்கு கதிரடிக்கிற மெஷின் பக்கத்தில் நிக்கும்போது கண்ணில் ஏதோ பட்டது. "தூசுதான், போயிடும்"னு விட்டுட்டாங்க. முதல் நாள் தாய்ப்பால் விட்டாங்க, மூணாம் நாள் நந்தியாவட்டைச் சாறு. அஞ்சாம் நாள் ஒரு மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. நான் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன், ஆன்டிபயாட்டிக்கோட ஸ்டீராய்டும் கலந்தது. பூஞ்சை இருந்தா அதைவிடப் பெரிய விருந்து அதுக்குக் கிடையாது. சிவப்பும் வலியும் ரெண்டு நாள் குறைஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே புண் பரவும். ஒன்பதாம் நாள் புதுச்சேரி போனபோது அங்கே சுரண்டிப் பார்த்து பூஞ்சைன்னு சொல்லி மருந்து தொடங்கினாங்க. தட்டில் ஒண்ணும் வளரலைன்னு அப்புறம் சொன்னாங்களாம். கண் பிழைச்சது, பூ விழுந்தது. பக்கத்தில் வந்தா மட்டும் முகம் தெரியும்.

மதுரை அட்டவணையில் இந்த அக்கா எந்தக் கட்டத்தில் வருவார்? 139-ல் இல்லை. 137-ல். நுண்ணோக்கியில் பூஞ்சை இழை பார்த்த பிறகும், தட்டின் கணக்கில் அவர் "வளரவில்லை".

இதுதான் என் முக்கியமான விமர்சனம், அது இந்த ஒரு கட்டுரையைத் தாண்டியது. நம்ம துறையில் வளர்ப்புச் சோதனைதான் தங்க உரைகல். நுண்ணோக்கி எவ்வளவு நல்லாப் பார்க்குதுன்னு அந்த உரைகல்லில் உரசித்தான் சொல்றாங்க. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முறையில், 10 சதவீதக் கரைசல் சீழையும் செல்களையும் கரைச்சிடும், பூஞ்சையின் சுவர் கரையாது. சில நிமிஷம் பொறுத்துப் பார்த்தா, கிளை பிரிந்த, குறுக்குச் சுவர் போட்ட இழைகள் பளிச்சுன்னு நிற்கும். தென்னிந்தியாவின் பெரிய மையங்கள் இந்த முறைக்கு 90 சதவீதத்துக்கு மேல் உணர்திறன் சொல்றாங்க. எதை வைத்து? வளர்ப்பை வைத்து.

கணக்குக்காக ஒரு கற்பனை. 100 நோயாளிகள். தட்டில் பூஞ்சை வளர்ந்தது 33 பேருக்கு. அவங்களில் 31 பேருக்கு நுண்ணோக்கியிலும் இழை தெரிந்தது. உணர்திறன் 94 சதவீதம், பிரமாதம். கூடவே தட்டில் பூஞ்சை வளராத 9 பேருக்கும் இழை தெரிந்தது. இந்த 9 பேர் நுண்ணோக்கியின் "பொய்யான பாசிட்டிவ்" ஆகிடுவாங்க. கண்ணால் பார்த்தது பொய், வளராமல் போனது மெய்! ஒன்பதில் ஒன்றிரண்டு உண்மையிலேயே தவறா இருக்கலாம். பஞ்சு நாரைப் பூஞ்சை இழைன்னு சொல்லாத முதல் வருஷ மாணவன் உண்டா? ஆனா ஒன்பதுமே தவறுன்னு தீர்ப்பு எழுதுவது நுண்ணோக்கியின் குறை இல்லை, உரைகல்லின் குறை.

மருத்துவர்கள் தாளில் எழுதுவதைவிட நடைமுறையில் புத்திசாலிகள். பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லதுன்னு பார்க்க 2010-11-ல் மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த பெரிய சோதனையைப் பாருங்க. வெங்கடேஷ் பிரஜ்னாவும் குழுவினரும் 2013-ல் வெளியிட்டாங்க. 323 நோயாளிகள். சேர்த்துக்கொள்ள நிபந்தனை என்ன? நுண்ணோக்கியில் இழைப் பூஞ்சை தெரியணும். தட்டுக்காகக் காத்திருக்கலை. அந்த 323-ல் ஃபியூசேரியம் 128, ஆஸ்பெர்ஜில்லஸ் 54. மீதியில் வேறு பூஞ்சைகளும் உண்டு, தட்டில் எதுவுமே வளராதவர்களும் உண்டு. அவங்களும் பூஞ்சை நோயாளிகளாகவே நடத்தப்பட்டாங்க. மதுரையில் 1994-ல் சுரண்டிய 137 பேரை இந்த நிபந்தனையால் திரும்பப் பிரித்தா எத்தனை பேர் பூஞ்சைப் பக்கம் போவாங்க என்பதுதான் அந்த அட்டவணையிடம் நான் கேட்கிற கேள்வி.

அந்தச் சோதனை தட்டுக்குச் சாதகமாகவும் ஒரு சாட்சி சொல்லுது, அதையும் மறைக்கக்கூடாது. புதுசும் விலை கூடினதுமான வோரிகொனசோலைவிடப் பழைய நாட்டமைசின் ஜெயிச்சது. மூணு மாசம் கழிச்சுப் பார்வைப் பலகையில் சுமார் 2 வரி வித்தியாசம். பிரிச்சுப் பார்த்தா ஃபியூசேரியம் உள்ளவங்களுக்குச் சுமார் 4 வரி, மத்தவங்களுக்குச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இது ஃபியூசேரியமா இல்லையான்னு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொல்லாது. இழை இழைதான், எல்லாம் ஒரே மாதிரி. தட்டில் வளர்ந்து, லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூவில் எடுத்து வெச்சு, அந்த அரிவாள் வடிவ வித்துகளைப் பார்த்தாதான் ஃபியூசேரியம்னு பெயர் வைக்க முடியும். ஆக நுண்ணோக்கி மருந்தைத் தொடங்க வைக்குது, தட்டு அந்த மருந்து பலிக்குமான்னு சொல்லுது. ரெண்டுக்கும் ரெண்டு வேலை. ஒன்றை இன்னொன்றின் உரைகல்லாக்கினதுதான் குழப்பம்.

நுண்ணோக்கியை நான் ரொம்பத் தூக்கி வைக்கிறேன்னு நினைச்சா, பித்தியத்தைப் பற்றியும் சொல்லிடறேன். பித்தியம் இன்சிடியோசம் பூஞ்சை இல்லை, நீர்ப்பூசண வகை. ஆனா சுரண்டி வெச்சுப் பார்த்தா பூஞ்சை மாதிரியே இழை, கொஞ்சம் அகலமா, நாடா மாதிரி, குறுக்குச் சுவர் அபூர்வமா. பூஞ்சைன்னு நினைச்சு நாட்டமைசின் விட்டா கேட்காது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் சவித்ரி ஷர்மாவும் குழுவினரும், பெயர் தெரியாத பூஞ்சை என்று முன்பு எடுத்து வைத்திருந்த வளர்ப்புகளைத் திரும்ப எடுத்து மரபணு பார்த்தபோது சில பித்தியம்னு தெரிஞ்சது. 2015-ல் எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் இந்தியாவில் எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க. உறுதி செய்ய ஒரு எளிய வழி, எனக்கு ரொம்பப் பிடிச்சது: வேகவைத்த புல் இலைத் துண்டுகளை வளர்ப்பில் போட்டு, அப்புறம் நீரில் மிதக்க விட்டா, நீந்தும் வித்துகள் வெளியே வரும். பூஞ்சை அப்படிச் செய்யாது. இப்போ இதற்கு லினிசோலிட், அசித்ரோமைசின் மாதிரி பாக்டீரியா மருந்துகள் கொடுக்கிறாங்க. 1994 மதுரைத் தட்டுகளில் இது இருந்ததான்னு அந்தத் தட்டுகளைத் தவிர யாரும் சொல்ல முடியாது. எடுத்து வைக்காத வளர்ப்பைத் திரும்பப் பார்க்கவும் முடியாது. ஹைதராபாத்துக்காரங்க குளிர்பதனப் பெட்டியில் வெச்சிருந்தாங்க, அதனால கண்டுபிடிச்சாங்க.

மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணுவதில் இன்னொரு சாய்வும் உண்டு. இதை ஆய்வாளர்களே உணர்ந்திருந்தாங்க என்பதற்கு அடையாளம், அதே குழுவினர் 1996-ல் எழுதிய இன்னொரு கட்டுரை. மதுரை மாவட்டத்தில் 10,000 பேருக்கு வருஷத்துக்கு 11.3 பேருக்குக் கருவிழிப் புண் வருது, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் கண்டதைவிடப் பத்து மடங்குன்னு கணக்கிட்டாங்க. பெரிய மருத்துவமனைக்கு வருபவை பல கை மாறி, பல சொட்டு கண்டு, முத்திப்போனவை. முதல் நாளிலேயே தானா ஆறிப்போனவை வராது. கண்ணையே எடுக்கவேண்டிய அளவுக்குப் போயும் பஸ் ஏறாதவையும் வராது. நிமோனியே முதலிடத்தில் இருப்பதையும் இந்தக் கண்ணாடி வழியாத்தான் பார்க்கணும். கண்ணீர்ப்பையில் நாள்பட்ட சீழ் உள்ளவர்களுக்கு வருகிற கிருமி அது. அடி படாமலே புண் வந்தவங்களில் இதைத் தேடாமல் விடக்கூடாது.

செஞ்சியிலிருந்து புதுச்சேரி அரவிந்த் சுமார் 70 கிலோமீட்டர். திண்டிவனம் போய் ஒரு பஸ், அங்கிருந்து புதுச்சேரி ஒரு பஸ், அப்புறம் கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் வரை இன்னொன்று. கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு, துணைக்கு வர்றவருக்கும் போச்சு. நடுவில் எத்தனை நுண்ணோக்கி இருக்கு தெரியுமா? காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கும் மலேரியா ரத்தத் தடவலுக்கும் அரசு வெச்சிருக்கிற நுண்ணோக்கிகள் இந்த வழியெல்லாம் இருக்கு. தினம் பார்த்துப் பழகிய கண்களோட லேப் டெக்னீஷியன்களும் இருக்காங்க. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விலை ஒண்ணுமே இல்லை. ஆனா கருவிழியைச் சுரண்ட ஸ்லிட் லாம்பும் பழகின கையும் வேணும், தப்பாச் சுரண்டினா கண்ணே ஓட்டையாகும். அதனால் "எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சுரண்டுங்க"ன்னு நான் சொல்லமாட்டேன். தாலுகா மருத்துவமனையில் கண் மருத்துவர் உட்காருகிற நாளில் ஒரு கண்ணாடித் துண்டு அடுத்த அறைக்குப் போனா போதும்னு மட்டும் சொல்வேன். அது போகாததுக்குக் காரணம் கருவி இல்லாதது இல்லை. இந்தக் கட்டுரைகள் எல்லாம் பெரிய ஆய்வுக்கூடத்துக்குள்ளே இருந்து எழுதப்பட்டு, முழு வளர்ப்பு வசதி இல்லாத இடத்தில் நோய்க்கிருமி தேடுவதே வீண் என்பது போன்ற ஒரு தொனியை நம்மகிட்ட விட்டுட்டுப் போனதும் ஒரு காரணம்.

அதே சீனிவாசன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காகக் கிராமத்துக்கே போனாங்க என்பதையும் சொல்லணும், இல்லாட்டி நியாயமில்லை. மதுரை மாவட்டக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. கண்ணில் அடிபட்டு வந்தவங்களில் கருவிழியில் சிராய்ப்பு இருந்தா மூணு நாள் களிம்பு. ஒரு பிரிவுக்கு பாக்டீரியாவுக்கான குளோரம்ஃபெனிக்காலோட பூஞ்சைக்கான குளோட்ரிமசோலும். இன்னொரு பிரிவுக்குக் குளோரம்ஃபெனிக்காலோட வெறும் களிம்பு. 18 மாசத்தில் 1365 பேர் அடிபட்டு வந்தாங்க, அதில் 374 பேர் சிராய்ப்போடு சேர்க்கப்பட்டாங்க. 368 பேருக்குச் சிக்கலில்லாமல் ஆறிடுச்சு. ரெண்டு பேருக்கு லேசான ஒவ்வாமை, ரெண்டு பேர் நடுவில் விலகிட்டாங்க. பாக்டீரியா மருந்து மட்டுமே பூஞ்சைப் புண்ணையும் தடுக்கப் போதும் போலிருக்குன்னு முடிக்கிறாங்க.

இந்த முடிவை நான் அப்படியே ஏத்துக்கலை. மருந்தே போடாத ஒரு பிரிவு அங்கே இல்லை. அப்படி வைப்பது அறமில்லை என்பது புரியுது. ஆனா வைக்காதபோது, தடுத்தது மருந்தா, இல்லை முதல் நாளே ஒரு பயிற்சி பெற்ற ஆள் கண்ணைப் பார்த்து, தாய்ப்பாலும் இலைச்சாறும் ஸ்டீராய்டு சொட்டும் உள்ளே போகாமல் காத்ததான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. எனக்கு ரெண்டாவது காரணம் பெரிசுன்னு படுது. எங்க தெரு அக்காவுக்கு முதல் நாளில் அப்படி ஒரு ஆள் இருந்திருந்தா ஒன்பது நாள் ஆகியிருக்காது.

374-ல் மிச்சம் ரெண்டு பேர். ரெண்டு பேருமே பூஞ்சை மருந்து கிடைக்காத பிரிவு. கருவிழிக்குள்ளே ஊடுருவல் வந்தது, சுரண்டி வளர்த்துப் பார்த்தாங்க, தட்டில் ஒண்ணும் வளரலை. நாட்டமைசின் சொட்டு விட்டாங்க. ஒரே வாரத்தில் ஆறிடுச்சு.